முள்ளை முள்ளால்

பெரம்பலூர் மாவட்டத்தில் காரையை ஒட்டியுள்ள களிமண் பள்ளங்களுக்குக் காரில் போவதென்றால், மண்பாதை உங்களை மோசம் செய்யாது. இரு புறமும் சாய்ந்து நிற்கும் சீமைக்கருவேலம்தான் வண்டியைத் தடவிப் பார்த்துவிட்டு அனுப்பும்.

சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. மழைநீர் அறுத்த பள்ளங்களில் பெலம்னைட் என்னும் கணவாய் இனத்து உயிரியின் கல்லாகிப்போன குச்சிகளைக் குனிந்து தேடுகிற ஆசையில் நானும் ஒரு நாள் போனேன். திரும்பி வந்து பார்த்தால், முன்கதவில் மூன்று கோடுகள்.

மறுநாள் பெரம்பலூரில் ஒரு டிங்கரிங் பட்டறைக்குப் போனேன். பெயிண்டருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கையில் இருந்த டீயைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நகத்த வச்சு இழுத்துப் பாருங்க சார். மாட்டுதா?"

முதல் கோட்டில் நகம் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவதில் லேசாகத் தட்டியது. மூன்றாவதில் நின்றேவிட்டது. அதன் அடியில் சாம்பல் நிறம் தெரிந்தது.

"மொதக் கோடு காம்பவுண்டு போட்டா போயிரும். ரெண்டாவது போன மாதிரி தெரியும். மூணாவதுக்குப் பெயிண்டுதான்."

போவதற்கும் போன மாதிரி தெரிவதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "வெயில்ல நிறுத்திப் பாத்தா உங்களுக்கே தெரியும்" என்றார். அந்தப் பதிலைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்சம் கனிமவியலும் கொஞ்சம் ஒளியியலும் தேவைப்பட்டன.

முடி மொத்தத்தில் ஐந்து அடுக்கு

பள்ளத்தில் நிற்கும் நிலவியலாளரும் கோட்டைக் குனிந்து பார்க்கும் பெயிண்டரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். எந்த அடுக்கு வெளியே தெரிகிறதோ அதை வைத்து ஆழத்தைச் சொல்கிறார்கள். 1860களில் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்த வட்டாரத்துப் பாறைகளைப் பிரித்தபோது, கீழிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அடுக்குகளுக்கு ஊர்ப் பெயர்களையே சூட்டினார். காரைக் களிமண் அவற்றில் அடியிலுள்ள ஊட்டத்தூர்த் தொகுதியைச் சேர்ந்தது.

கார்க் கதவுக்கும் இப்படி அடுக்குகள் உண்டு. அடியில் முக்கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகடு. அதன்மேல் துத்தநாக பாஸ்பேட் படிகங்களாலான மிக மெல்லிய தோல். அடுத்து வரும் பூச்சு பிடித்துக்கொள்ள அது உதவும். பிறகு, தொழிற்சாலையில் காரின் உடலை முழுசாகத் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி ஒட்டவைத்த துருத் தடுப்புப் பூச்சு, சுமார் 20 மைக்ரான். அதன்மேல் சாம்பல் நிறப் பிரைமர், 30 மைக்ரானை ஒட்டி. அப்புறம்தான் நாம் ஷோரூமில் பார்த்து மயங்கிய நிறம். அது வெறும் 15 மைக்ரான். எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர், 40 முதல் 50 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பாஸ்பேட் தோலிலிருந்து கிளியர் வரை எல்லாம் சேர்ந்தும் ஒன்றரைத் தலைமுடி மொத்தம் தேறினால் அதிகம்.

இதைத் தெரிந்துகொண்டால் பெயிண்டரின் நகம் என்ன சொன்னது என்பது விளங்கும். முதல் கோடு கிளியரின் மேற்பரப்பிலேயே நின்றுவிட்டது. இரண்டாவது கிளியருக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறது. மூன்றாவது கிளியரையும் நிறத்தையும் கடந்து பிரைமரைத் தொட்டுவிட்டது. காரையில் நான் ஓடையின் அடிவரை இறங்கிப் பார்த்த மாதிரி.

முள்ளா, முள்ளில் இருந்த தூசியா?

எதை எது கீறும் என்பதற்கு 1812இல் ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரெடரிக் மோஸ் ஓர் ஏணி அமைத்தார். பத்துப் படிகள். மேற்படியில் இருப்பது கீழ்ப்படியில் இருப்பதைக் கீறும். அந்தப் பத்தில் பாதியைப் பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரண்டு மாவட்டங்களையும் சுற்றினாலே பொறுக்கிவிடலாம். காரைக் களிமண்ணுக்குள் கண்ணாடிப் பட்டையாக மின்னும் ஜிப்சம் 2ஆம் படி. அரியலூரின் சிமெண்டு ஆலைகளுக்கு இரவும் பகலும் லாரிகளில் போகிற சுண்ணாம்புக்கல்லின் கனிமமான கால்சைட் 3. ஊட்டத்தூர்த் தொகுதிக் களிமண்ணில் கிடைக்கும் பாஸ்பேட் உருண்டைகள் 5ஆம் படியான அப்படைட் இனத்தவை. பெரம்பலூர்ப் பக்கத்துக் கிரஷர்களில் உடைபடும் ஜல்லியில் ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் உண்டு. அவை 6, 7. நம் நகம் இரண்டரை. காரையில் கிடைக்கும் ஜிப்சத்தில் நகத்தால் பெயர் எழுதலாம், அரியலூர்க் கல்லில் முடியாது.

கிளியர் ஒரு பிளாஸ்டிக். அமுக்கினால் நெளிந்து கொடுக்கும் என்பதால் மோஸ் ஏணியில் அதற்குச் சரியான படி இல்லை. ஆனாலும் கால்சைட்டில் தொடங்கி மேலே உள்ள எல்லாமே அதைக் கீறும். குவார்ட்ஸ் கேட்கவே வேண்டாம். கருவேல முள் வெறும் மரம்தான். ஆனால் அதன் நுனி ஊசி. சின்ன விசையையும் ஒரு புள்ளியில் குவித்துவிடும். கிளையில் பல நாளாகப் படிந்திருக்கிற சாலைப் புழுதி அந்த ஊசிக்குக் கல் முனையும் வைத்துக் கொடுக்கிறது. மக்காச்சோளக் கொல்லை நடுவே வண்டியை விட்டால் தோகை உரசியும் கோடு விழுகிறதே என்று உழவர்கள் சொல்வதுண்டு. புல்லினத் தாவரங்களின் இலைகளில் சிலிக்காத் துகள்கள் இருக்கின்றன. சோளத்தோகை நம் கையை அறுப்பதும் அதனால்தான்.

ஆனால் வண்டிக்கு விழுகிற கீறல்களில் பெரும்பங்கு முள்ளாலும் தோகையாலும் வருவதில்லை. காலையில் வீட்டு வாசலில் நின்று, காய்ந்த துணியால், பாசத்தோடு நாம் தூசி தட்டுகிறோமே, அதில் வருகிறது. பெரம்பலூரில் அந்தத் துணிக்கும் கிளியருக்கும் நடுவே ஜல்லிப் பொடி இருக்கிறது. அரியலூரில் சுண்ணாம்புக்கல் பொடியும், சில இடங்களில் சிமெண்டும் இருக்கிறது. சிமெண்டு இன்னும் பொல்லாதது. அது தண்ணீர் பட்டால் கல்லாகிற பொடி. மார்கழிப் பனி இரவில் அதை நனைத்தால் காலையில் வண்டியின்மேல் மெல்லிய காரை பூசியிருக்கும். போதாக்குறைக்கு, ஈரச் சிமெண்டு கடுமையான காரத்தன்மை கொண்டது. துணியால் தேய்த்தால் போகாது, கீறும். நிழலில் நிறுத்தி, நீர் கலந்த வினிகரைக் கொஞ்ச நேரம் ஊறவைத்தால் அசிட்டிக் அமிலம் அந்தக் கால்சியச் சேர்மங்களைக் கரைக்கும். பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். போர்த் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்டால் வரும் வெள்ளை வட்டங்களுக்கும் இதே வைத்தியம்தான். சுண்ணாம்புப் பூமியின் அடியில் ஊறிய நீர், கல்லைக் கரைத்துக்கொண்டு வந்து நம் பானெட்டில் திரும்ப வைத்துவிட்டுப் போகிறது.

இந்த இடத்தில் ஒரு விளம்பரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். செராமிக் கோட்டிங் போட்டால் 9எச் கடினம் கிடைக்கும் என்கிறார்கள். கேட்பவர் மனதில் மோஸ் ஏணியின் 9ஆம் படி, அதாவது வைரத்துக்கு அடுத்த படி, வந்து நிற்கும். உண்மையில் அந்த எச், பென்சிலின் எச். பெயிண்டுக் கம்பெனிகளின் ஆய்வகங்களில் மென்மையான பென்சிலில் தொடங்கி, கடினமானவற்றை ஒவ்வொன்றாகப் பூச்சின்மேல் அழுத்தித் தள்ளிப் பார்ப்பார்கள். 9எச் பென்சிலும் கோடு போடவில்லை என்பதுதான் அந்தச் சான்று. பென்சிலின் உள்ளே இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். அந்தத் தேர்வில் தேறிய பூச்சையும் பெரம்பலூர் ஜல்லிப் பொடி கீறிவிடும்.

கோடு ஏன் வெள்ளை?

என் கார் நீல நிறம். முதல் கோடு வெள்ளையாக இருந்தது. நிறம் போயிருந்தால் அடியிலுள்ள சாம்பல்தானே தெரிய வேண்டும்? வெள்ளைப் பெயிண்டு எங்கிருந்து வந்தது?

கற்கண்டை உடைத்துப் பாருங்கள். கட்டியாக இருக்கும்போது அதன் வழியே வெளிச்சம் ஊடுருவும். அம்மியில் நுணுக்கினால் வெள்ளைப் பொடி. புதிதாக எந்த வெள்ளையும் சேரவில்லை. பரப்புகள்தான் பெருகியிருக்கின்றன. ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஒவ்வொரு பரப்பிலும் கொஞ்சம் திரும்பும். காற்றிலிருந்து கிளியருக்குள் நேராக நுழையும்போது சுமார் 4 சதவீதம் திரும்புகிறது. பரப்பு வழவழப்பாக இருந்தால் அந்த 4 சதவீதம் ஒரே திசையில் போகும். அதைத்தான் பளபளப்பு என்கிறோம். கீறலின் சரிவுகளில் அது பல திசைகளிலும் சிதறி, எங்கே நின்று பார்த்தாலும் கண்ணுக்குக் கொஞ்சம் வந்து சேர்கிறது. எல்லா நிறங்களும் ஒன்றாகச் சிதறுவதால் வெள்ளை.

அதனால்தான் மழையில் எல்லாக் காரும் புதுக் காராகத் தெரிகிறது. பள்ளத்தில் தண்ணீர் நிரம்பினால், தண்ணீருக்கும் கிளியருக்கும் ஒளியைப் பொறுத்தவரை அவ்வளவு வித்தியாசமில்லை. காற்றின் ஒளிவிலகல் எண் 1, தண்ணீருக்கு 1.33, கிளியருக்கு ஏறக்குறைய 1.5. தண்ணீருக்கும் கிளியருக்கும் இடையே திரும்பும் ஒளி அரை சதவீதம்கூட இல்லை. தேங்காய் எண்ணெய் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. அதன் எண் 1.45. பழைய கார் வாங்கும்போது கதவு சந்தேகப்படும்படி மினுமினுத்தால் சோப்புத் தண்ணீரில் ஒரு தடவை கழுவிப் பார்ப்பது நல்லது. எண்ணெயும் மெழுகும் கீறலை ஆற்றுவதில்லை. ஒளியைக் கொஞ்ச நாள் ஏமாற்றுகின்றன.

வெயிலில் நிறுத்தச் சொன்னாரே, அதற்கும் காரணம் உண்டு. துணி போட்ட நுண்கோடுகள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. ஆனால் பானெட்டில் தெரியும் சூரியனின் பிம்பத்தைச் சுற்றி அவை சிலந்தி வலைபோல வட்ட வட்டமாகத் தெரியும். பிம்பத்துக்குக் குறுக்காகக் கிடக்கும் கோடுகள் மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புவதால், மற்றவை அங்கேயே இருந்தும் தெரிவதில்லை. தலையை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும். சந்தேகமிருந்தால் இன்று இரவு சாப்பிட்டு முடித்த எவர்சில்வர் தட்டைக் கழுவி, பல்பின் கீழே சாய்த்துப் பாருங்கள்.

குருந்தம்

சரி, முதல் கோட்டை எப்படிப் போக்கினார்? பட்டறைப் பையன் ரப்பிங் காம்பவுண்டைத் தடவி, பஃபிங் மெஷினை ஓட்டினான். டப்பாவிலிருந்து எடுத்த ஏதோ ஒன்று கோட்டை நிரப்புகிறது என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். நடப்பது நேர்மாறு. காம்பவுண்டில் இருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. மோஸ் ஏணியின் 9ஆம் படி. அது கோட்டைத் தொடுவதில்லை. கோட்டின் இரு கரைகளையும் சுரண்டி, சுற்றியுள்ள சமவெளி முழுவதையும் பள்ளத்தின் அடிமட்டத்துக்கு இறக்குகிறது. பள்ளத்தை மூட முடியாதபோது மேட்டைத் தாழ்த்துகிற வேலை.

அலுமினியம் ஆக்சைடு படிகமாகப் பூமியில் கிடைக்கும்போது அதன் பெயர் குருந்தம். சாணை பிடிக்கிறவர்களின் கல்லில் நெடுங்காலமாக இருந்தது அதுதான். காங்கேயத்தை அடுத்த சிவன்மலைப் பகுதிப் பாறைகளில் அது உண்டு. உலகம் முழுக்கக் கனிமவியல் நூல்களில் அதை கொரண்டம் என்கிறார்கள். அந்தச் சொல் நம் குருந்தத்திலிருந்து போனது.

ஆனால் 9ஆம் படிக் கல்லால் தேய்த்தால் பெயிண்டு இன்னும் மோசமாகக் கீறப்பட வேண்டாமா? கீறப்படத்தான் செய்கிறது. கீறலின் அளவில்தான் சூட்சுமம். வானவில்லின் நிறங்களைப் பிரித்துக் காட்டிய நியூட்டன், 1704இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் கண்ணாடியை மெருகேற்றுவது பற்றியும் எழுதினார். மெருகேற்றுதல் என்பது கரடுமுரடை நொறுக்கி, மேலும் மேலும் சின்னக் கீறல்களாக மாற்றுவதே. கீறல்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துவிடும்போது மெருகு வந்துவிட்டதாகச் சொல்கிறோம் என்பது அவர் கருத்து. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். அதைவிட வெகுவாகச் சிறிய மேடுபள்ளங்களை அந்த ஒளியால் உணர முடியாது. பளபளக்கும் கதவிலும் கோடுகள் உண்டு. ஒளியின் கைக்கு அகப்படாத கோடுகள்.

முள்ளை முள்ளால் எடுப்பது என்று நம் பாட்டிகள் சொன்னது இங்கே எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது, எடுக்கிற முள் ஒவ்வொரு தடவையும் முந்தியதைவிடச் சின்னதாக இருந்தாக வேண்டும் என்ற ஒரு திருத்தத்தோடு. இரண்டாவது கோட்டுக்கு அந்த வரிசையை முழுதாகப் பார்த்தேன். பெயிண்டர் முதலில் கதவின் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டினார். ஓரத்தில் பெயிண்டு எப்போதும் மெலிசு, சீக்கிரம் தேய்ந்துவிடும். பிறகு வாளித் தண்ணீரில் ஊறிய 2000 நம்பர் வாட்டர் பேப்பரை எடுத்தார். நம்பர் கூடக் கூடத் துகள் பொடி. 2000இல் துகள் சுமார் 10 மைக்ரான். தண்ணீர் சூட்டைத் தணித்து, சுரண்டிய பொடியையும் அடித்துக்கொண்டு போகும். கதவு மங்கிச் சாம்பல் பூத்தது போலானது. பார்க்க வயிற்றைக் கலக்கியது. அப்புறம் காம்பவுண்டு. அதன்பின் அதைவிட மென்மையான பாலிஷ்.

பற்பசையால் தேய்த்தால் கீறல் போகும் என்று ஒரு வைத்தியம் உலவுகிறதே, அதுவும் முழுப் பொய்யில்லை. பற்பசையில் உள்ள தேய்ப்பான் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் அல்லது சிலிக்கா. முதலாவது, அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லின் அதே சேர்மம். மேலோட்டமான மங்கலை அது எடுக்கும். ஆனால் அடுத்தடுத்துச் சிறிய முள் அதனிடம் இல்லை. தேய்த்த இடம் தனியாகத் தெரியும்.

இரண்டாவது கோடு முக்கால்வாசி மறைந்ததும் அவர் நிறுத்திவிட்டார்.

"இன்னும் கொஞ்சம் தேச்சா முழுசாப் போயிருமே அண்ணே?"

"போயிரும். கிளியரும் சேந்து போயிரும்."

அன்று அங்கே வந்திருந்த பழைய கார் வியாபாரி ஒருவரிடம் பெயிண்டு மீட்டர் இருந்தது. அந்தக் கருவி பெயிண்டை நேரடியாக அளப்பதில்லை. இரும்பு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைக் காந்தப்புலத்தால் உணர்ந்து எண்ணாகச் சொல்கிறது. கதவில் 1,000 மைக்ரானைத் தாண்டிக் காட்டினால் உள்ளே பட்டி பூசியிருக்கிறது என்று அர்த்தம். என் கதவில் தேய்க்காத இடத்தில் 112 காட்டியது. தேய்த்த இடத்தில் 105.

7 மைக்ரான் போய்விட்டது. 45 மைக்ரான் கிளியரில் இது அற்பமாகத் தெரியலாம். ஆனால் பளபளப்பு கிளியரின் ஒரு வேலை மட்டும்தான். சித்திரை வெயிலின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சி, அடியிலுள்ள நிறத்தையும் தன்னையும் காப்பாற்றும் ரசாயனங்களும் அதற்குள்தான் இருக்கின்றன. கிளியர் மெலிந்துபோன வண்டியின் கூரை சில கோடைகளில் வெளிறும். பிறகு பாம்புச் சட்டைபோல உரியும். உரிந்தபின் பாலிஷ் போட அங்கே ஒன்றும் இருக்காது. கிளியர் என்பது வட்டி வராத சேமிப்பு. ஒவ்வொரு பாலிஷும் அதிலிருந்து எடுப்பதுதான், போடுவது இல்லை. ஆழமான கோட்டின் கூர்மையான கரைகளை மழுக்கிவிட்டால் அது ஒளியைச் சிதறடிப்பது குறைந்துவிடும். மிச்சத்தை அப்படியே விட்டுவிடலாம். அவர் சொன்ன "போன மாதிரி தெரியும்" என்பது கைத்திறமையின் குறையைச் சொன்ன வார்த்தை இல்லை. கணக்குத் தெரிந்தவரின் நிதானம்.

தானே ஆறிக்கொள்ளும் கிளியரும் வந்திருக்கிறது. 2005இல் நிசான் நிறுவனம் மேலோட்டமான கோடுகள் வெதுவெதுப்பில் மெல்ல மறையும் நெகிழ்வான பூச்சை அறிவித்தது. 2009இல் அமெரிக்காவின் தெற்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் பிஸ்வஜித் கோஷும் மாரெக் அர்பனும், நண்டு இறால் ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசானைச் சேர்த்து, புற ஊதா ஒளி பட்டால் ஒரு மணி நேரத்துக்குள் கீறலை மூடிக்கொள்ளும் பாலியூரித்தேனை உருவாக்கிக் காட்டினார்கள். ஆனால் பொருள் நெளிந்து விழுந்த கோடுதான் இப்படித் திரும்பும். பிய்ந்து போன இடத்துக்குத் திரும்பிவர அங்கே பொருளே இருக்காது.

மூன்றாவது கோடு

மூன்றாவது கோடு பிரைமரோடு நின்றது என் அதிர்ஷ்டம். தகடுவரை போயிருந்தால் கதை வேறு. ஈரம் பட்ட இரும்பு எலக்ட்ரான்களை இழக்கிறது. பக்கத்தில் இன்னோர் இடத்தில் ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. வாங்கும் இடத்தில் காரம் உண்டாகி, பெயிண்டுக்கும் தகட்டுக்கும் உள்ள பிடியைத் தளர்த்துகிறது. துருவுக்கு இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் வேண்டும். அது பெயிண்டை மேலே தூக்கிக்கொண்டு கொப்புளம் கொப்புளமாகப் பரவும். கோடு ஒரு முடி அகலம்தான், துரு உள்ளங்கை அகலம். 1948இல் நேரு அடிக்கல் நாட்டி 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவரும் துறைகளில் இந்த அரிப்பும் ஒன்று. வெளியூரில் கோடு விழுந்து தகடு மின்னினால், பட்டறை தேடும்வரை ஈரம் துடைத்து ஒரு சொட்டு நெயில் பாலிஷாவது வைத்துவிடுங்கள். அழகாக இருக்காது, ஆனால் காற்றும் ஈரமும் தகட்டைச் சந்திக்காது.

என் கதவுக்குப் பெயிண்டர் கோட்டைச் சுற்றி வாட்டர் பேப்பரால் சரிவாக இறக்கி, மெல்லப் பட்டி வைத்து, பிரைமர் அடித்து, நிறத்தைத் தெளித்தார். மெட்டாலிக் நிறம் என்பதால் அதுதான் நாளை விழுங்கியது. அந்தப் பெயிண்டில் நுண்ணிய அலுமினியச் செதில்கள் மிதக்கின்றன. எல்லாம் படுத்திருந்தால் ஒரு சாயல், சில சாய்ந்து நின்றால் இன்னொரு சாயல். ஸ்ப்ரே கன் பிடிக்கும் தூரம், காற்றழுத்தம், தின்னர் காயும் வேகம் எல்லாமே செதில்கள் படுக்கும் விதத்தை மாற்றும். 40 டிகிரி வெயிலில் தின்னர் பறந்துவிட்டால் செதில்கள் படுக்க நேரமிருக்காது. அதனால் கோடைக்கு மெதுவாகக் காயும் தின்னர், அடிப்பது விடியற்காலையில், அதற்கு முன் தரையெல்லாம் தண்ணீர் தெளித்துப் புழுதி அடக்கம். அப்படியும் கோட்டோடு நிறுத்தினால் திட்டாகத் தெரியும் என்று நிறத்தைக் கதவுக்குள் மெல்லக் கரையவிட்டு, கிளியரைக் கதவு முழுவதுக்கும் அடித்தார்.

தொழிற்சாலையில் கிளியரை 140 டிகிரி அடுப்பில் சுடுகிறார்கள். பட்டறைக்கு வரும் வண்டியில் டயரும் பிளாஸ்டிக்கும் வயரும் இருக்கின்றன, அடுப்பில் வைக்க முடியாது. அதற்குப் பதில் ஹார்ட்னர் கலக்கிறார்கள். அதிலுள்ள ஐசோசயனேட்டுகள் கிளியரின் மூலக்கூறுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, சூடில்லாமலே கெட்டியாக்கிவிடும். அதே ஐசோசயனேட்டுகள் மூச்சுக்குழாய்க்கு எதிரி. பெயிண்டர்களுக்கு வரும் தொழில்சார் ஆஸ்துமாவுக்கு உலகெங்கும் முக்கியக் காரணம் அவைதான். ஆபத்தான அளவு மூக்குக்கு மணக்காமலேயே காற்றில் இருக்கலாம். முகத்தில் கட்டிய கர்சீப் இதைத் தடுக்காது; வெளியிலிருந்து நல்ல காற்று தரும் முகமூடி வேண்டும். அவர் கட்டியிருந்தது கர்சீப்தான். சொன்னேன். "முப்பது வருசமா இதான் சார்" என்றார். கர்சீப்பை அவிழ்த்த பிறகு கொஞ்ச நேரம் இருமினார். கூலியைப் பேரம் பேசும்போது நாம் குறைப்பது பெரும்பாலும் அந்த முகமூடியின் விலையை.

வண்டியை எடுக்கப் போன மாலையில், வெயில் சாய்ந்திருந்தது. கதவைத் தடவிப் பார்த்தேன். மூன்றாவது கோடு இருந்த தடமே தெரியவில்லை. முதல் கோடும் இல்லை. இரண்டாவது, தலையைச் சாய்த்த ஒரு கோணத்தில், முடி இழை போல வந்து வந்து போனது. மேலே புதுக் கிளியர் வந்ததால் இந்தக் கதவின் சேமிப்பு கூடியிருக்கிறது. காரின் மற்ற இடங்களுக்கெல்லாம் பழைய கணக்குதான்.

"தூசிய வறத்துணியால தட்டாதீங்க. மொதல்ல தண்ணிய ஊத்துங்க, தூசி தானா எறங்கட்டும். அப்புறம் சோப்பு. ரெண்டு வாளி வச்சுக்கங்க, ஒண்ணுல துணிய அலச" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "காரைக்கு மறுபடி போவீங்களா?" என்று கேட்டார்.

போனேன். தார்ச்சாலை முடியும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, மிச்ச தூரத்தை நடந்தேன். சட்டைக் கையில் கருவேலம் ஒரு கோடு போட்டது.